வரிசையில் மூன்றாவது பாதம்

மட்டாஞ்சேரியில் காலை ஆறரை மணிக்கு என் சன்னலுக்குக் கீழே யாராவது ஒருவர் "அண்ணாச்சீ" என்று கூப்பிடுவார். எட்டு வருடமாகக் கேட்கிறேன், காது இன்னும் பழகவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அண்ணாச்சி என்றால் பார்த்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுப் பேச வேண்டிய ஆள். கடை முதலாளி, கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிறவர், வழக்கில் கடைசி வார்த்தை சொல்கிறவர். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அந்தச் சொல் மரியாதையை வழியில் எங்கோ கழற்றிப் போட்டுவிட்டது. இங்கே அண்ணாச்சி என்றால் தமிழன், அவ்வளவுதான். துணி தேய்க்கிறவன், பழவண்டி தள்ளுகிறவன், சாக்கடை ஓடை வாருகிறவன். என் சன்னலுக்குக் கீழே அப்படிக் கூப்பிடப்படுகிறவரின் பெயர் சுடலைமுத்து. ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் சந்தின் கடைசி வீட்டில் பிறந்தவர். தாத்தா காலத்திலேயே துப்புரவு வேலைக்கென்று கூட்டி வரப்பட்ட குடும்பம். அவரைக் கூப்பிடும் எதிர்வீட்டுக்காரர் இந்தச் சந்துக்கு வந்து பத்து வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் இங்கே வெளியூர்க்காரர் சுடலைமுத்து அண்ணன்தான்.

அவரோடு பார்த்தால் நானும் நேற்று வந்தவள்தான். எனக்கு வீடு கொடுத்த ஹம்ஸிக்கா முதல் நாள் என்னிடம் என்ன ஜோலி என்று கேட்டார். ஜோலி என்றால் வேலை. குரங்குகள் எப்படி நடக்கின்றன, எப்படித் தாவுகின்றன, மனிதன் எப்படி இரண்டு காலில் எழுந்து நடக்க ஆரம்பித்தான் என்பதை ஆராய்கிறேன், அதையே பாடமும் எடுக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். என் அரைகுறை மலையாளத்தில் அது "குரங்ஙனெ நடக்கான் படிப்பிக்கும்" என்று வெளியே வந்தது. குரங்குக்கு நடக்கக் கற்றுக்கொடுப்பேன் என்று பொருள். அவர் "சர்க்கஸிலாணோ" என்று கேட்டிருக்கிறார். எனக்கு விளங்காமல் தலையை ஆட்டியிருக்கிறேன். ஒரு வருடம் அந்த மனிதர் இலவச டிக்கெட்டுக்காகக் காத்திருந்தார். விஷயம் தெரிந்த பிறகும் சந்தில் என் பெயர் குரங்கு டீச்சர் என்றே நின்றுவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தமும் கோபமும் வேறு ஒன்றில். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும், என்னைப்போல எல்லை தாண்டிப் பிழைப்பவர்களுக்கும் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதில் இடம் அதிகம் இல்லை.

என் அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அம்மா பீடி சுற்றினாள். நான் விலங்கியலில் முதுகலை முடித்து, களக்காட்டு மலையில் கருமந்திகளின் பின்னால் ஆய்வுக்கென்று அலைந்தபோது அப்பா கேட்டார், "குரங்கு நடக்கதப் பாக்கதுக்கா இவ்வளவு படிச்செ?" அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அட்டை கடித்த காலோடு ஒரு மரத்தடியில் ஐந்து மணி நேரம் நின்று, ஒரு தாய்க் கருமந்தி குட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் பாய்வதைப் படம் பிடித்து, அந்த ஒரு நொடியைத் துண்டு துண்டாக்கிப் பார்க்கும்போது, எலும்புக்குள் எழுதி வைத்த எழுத்தைப் படிப்பதுபோல இருக்கும். பின்னங்காலில் எவ்வளவு பாரம், முன்னங்கையில் எவ்வளவு, வால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூன்று வருடம் அதைத்தான் படித்தேன். பட்டம் வந்தது, வேலை வரவில்லை. கடைசியில் எறணாகுளத்தில் ஒரு கல்வி நிறுவனத்தில் ஒப்பந்த விரிவுரையாளராகச் சேர்ந்தேன். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் பிள்ளைகளிடம் ஒன்றைத்தான் முதலில் சொல்வேன். பரிணாமம் ஏணி இல்லை. குரங்கில் தொடங்கி மனிதனில் முடிகிற வரிசையும் இல்லை. அது கிளை பிரிந்து போகிற மரம், இன்று உயிரோடு இருக்கிற எதுவும் இன்னொன்றுக்குப் பின்னால் நிற்கவில்லை. கரும்பலகையில் படம் வரைந்து சொல்வேன். நன்றாகவே சொல்வேன்.

சுடலைமுத்து அண்ணனோடு நான் முதலில் பேசியது ஒரு விருச்சிக மாதக் காலையில், நம் கார்த்திகையில். அந்த மாதங்களில் காயல் நீர் ஏறி ஓடை வழியாகச் சந்துக்குள் வரும். வேலியேற்றம் என்பார்கள். முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர். ஹம்ஸிக்கா வாசலில் அடைத்துக்கொண்ட ஓடையைத் திறக்க அவர் வந்தார். பாசி பிடித்த ஓடைக் கல்லின் ஓரத்தில், ஒரு சாண் அகலம் இருக்காது, அதில் மண்வெட்டியோடு நடந்தார். என் கண் பழக்கத்தில் காலுக்குத்தான் போனது. விரல்கள் விரிந்து கல்லைப் பற்றி, விட்டு, மறுபடி பற்றின. குதிகால் தூக்கும்போது பாதத்தின் நடுப்பகுதி லேசாக வளைந்தது. பெரும்பாலான மனிதர்களுக்கு அந்த இடம் விறைப்பாக இருக்கும். மரமேறும் வாலில்லாக் குரங்குகளுக்கு வளையும். சில மனிதர்களுக்கும் வளையும். அதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. நான் வைத்த கண் வாங்காமல் பார்ப்பதைக் கண்டு அவர், "என்ன டீச்சரே, கால்ல எதாவது பற்றியிருக்கா?" என்று கேட்டார். அந்தத் தமிழைக் கேட்டதும் வாசலிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். வந்து ஏழு மாதமாகப் போனில் தவிர நான் தமிழ் கேட்கவில்லை. அன்று மத்தியானம் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மத்திக் குழம்பும். அவர் மனைவி மாரியக்கா இடக்கொச்சியில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறவர். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். மகள் சரண்யா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அந்த வீடு எனக்கு இன்னொரு வீடு ஆனது. சரண்யா என்னைப் பார்த்துத்தான் விலங்கியல் எடுத்தாள்.

மார்ட்டின் வந்தது மூன்று வருடத்துக்கு முன். உண்மைப் பெயர் வேறு. ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மனித நடையின் தோற்றத்தை ஆராய்கிற பேராசிரியர். செருப்பில்லாமல் நடக்கிற மனிதர்களின் பாதங்களை அளக்க வேண்டும், ஆதி மனிதர்களின் காலடித் தடங்களோடு ஒப்பிட வேண்டும் என்பது திட்டம். என் துறைத்தலைவர் என்னைச் சேர்த்துவிட்டார். இது நன்றாக முடிந்தால் நிரந்தர வேலைக்கு வழி பிறக்கும் என்றார். ஆள் பிடித்துத் தருகிற வேலை என்னுடையது. நான் எங்கே போய்ப் பிடித்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. சுடலைமுத்து அண்ணனும் அவரோடு வேலை செய்கிறவர்களும், பள்ளுருத்தியில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்களுமாக முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். எனக்காக வந்தார்கள். பஜார் ரோட்டில் சுக்கு வாசனை போகாத ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்தோம். தரையில் ஒரு மெல்லிய பலகை. மிதித்தால் பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று கணினியில் நிறம் நிறமாகக் காட்டும். இரண்டு பக்கமும் கேமரா. ஒப்புதல் படிவத்தை நான் நல்ல தமிழில் மொழிபெயர்த்துக் கொண்டுபோயிருந்தேன். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, மலையாளம்தான் தெரியும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயால் சொன்னேன். கையெழுத்து போட்டார்கள்.

முதலில் நடந்தவர் சுடலைமுத்து அண்ணன். நடப்பதற்கு முன் என்னிடம், "டீச்சரே, இவருக்கு என்ன அறியணும்?" என்றார்.

"மனுசன் எப்படி நடக்கான்னு தெரியணும்ணே."

"அதுக்கு இத்தர தூரம் வரணுமா? அவங்க ஊர்ல மனுசன் நடக்கிறதில்லியா?"

கிடங்கு முழுக்கச் சிரித்தது. மார்ட்டினும் சேர்ந்து சிரித்தபடி அவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். உதவி செய்வதில் மகிழ்ச்சி என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவருக்குக் கேட்காமல் செய்தது நான்.

நடந்து முடித்த பிறகு அண்ணன் ஒரு சாக்குப்பையிலிருந்து தன் ரப்பர் பூட்ஸை எடுத்து மார்ட்டின் முன்னால் வைத்தார். அடி இரண்டாகப் பிளந்திருந்தது. "இதையும் எழுதச் சொல்லுங்க. காண்ட்ராக்ட்காரன் தர்ற பூட்ஸ் இதுதான். மூணு மாசத்துல பொட்டிப்போவும். உள்ள வெள்ளம் கேறும், கால் வெந்துபோவும். அதான் ஊரி வச்சிட்டு இறங்கறது." வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர், ஊருவது என்றால் கழற்றுவது. நான் சொன்னேன், இந்த முறை ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன். மார்ட்டின் பூட்ஸைக் கையில் வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு குறிப்பேட்டில் எழுதியதை நான் பக்கத்தில் நின்று படித்தேன். பாரம்பரியமாகவே வெறுங்காலில் நடக்கும் சமூகம் என்று எழுதியிருந்தார். பூட்ஸ் பற்றிக் கேட்டதற்கு, அது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே என்றார். நான் மறுபேச்சு பேசவில்லை. பாரம்பரியமாம். பிளந்த பூட்ஸைக் கழற்றி வைப்பது எந்த ஊரில் பாரம்பரியம்?

கட்டுரை வெளிவந்தபோது ஐந்து பெயர்களில் மூன்றாவதாக என் பெயர் இருந்தது. துறையில் லட்டு வாங்கிக் கொடுத்தேன். சரண்யா வீட்டுக்கும் ஒரு பெட்டி கொண்டுபோனேன். எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் என் வீட்டுக்கு வந்தாள். அப்போது எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று செல்போனை நீட்டினாள். வகுப்பில் திரையில் காட்டிய படத்தை அவள் போட்டோ எடுத்திருந்தாள். எங்கள் கட்டுரையில் இருந்த படம்தான். இடமிருந்து வலமாக நான்கு பாதங்கள். சிம்பன்சி. புதைபடிவத்திலிருந்து வடித்த ஓர் ஆதிமனிதப் பாதம். மூன்றாவது, பெருவிரல் நகம் போய், குறுக்கே கண்ணாடி கிழித்த தழும்போடு ஒரு பாதம். நான்காவது, மார்ட்டின் ஊர் மாணவன் ஒருவனின் வெள்ளைப் பாதம், வில்போல வளைந்த உள்ளங்காலோடு.

"இது ஆரோட கால் டீச்சரே?"

"அண்ணன் கால்."

"எனக்கறியும். உங்களுக்கு அறியுமோன்னு கேட்டேன்."

அவள் குரல் உயரவில்லை. "மிஸ் சொன்னாங்க, இது பழைய மாதிரி கால்னு. மனுசன் முழுக்க மனுசனாகறதுக்கு முன்னாடி உள்ள மாதிரின்னு. பின் பெஞ்சுல ஒருத்தன் சிரிச்சான். கூட ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான் ஒண்ணும் மிண்டல. அது என் அப்பன் கால்னு சொல்லல. அதுதான் எனக்கு தேஷ்யம்." மிண்டுவது என்றால் பேசுவது, தேஷ்யம் என்றால் கோபம். அவளுக்குக் கோபம் தன்மேல். அதைவிட மோசமான எதையும் நான் யாருக்கும் செய்ததில்லை என்று அந்த நேரத்தில் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. நான் அந்தப் படத்தை அச்சுக்குப் போவதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். வரைவு என் கைக்கு வந்தது. இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி, மிக நன்றாக இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். பரிணாமம் வரிசை இல்லை என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிற அதே கையால். மார்ட்டினின் சொந்த ஊர் மாணவர்களிலும் சிலருக்கு நடுப்பாதம் வளைந்தது. அந்த எண்கள் கட்டுரையின் பின்னிணைப்பில் இருந்தன. அவர்களுடைய கால் எதுவும் படத்தில் இல்லை.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவள் வரவில்லை. "இன்னொண்ணு கேக்கணும். அப்பன் தாத்தாவோட ஊர் பேரைச் சொல்லும்போல்லாம் நீங்க பேச்சை மாத்துவீங்க. ஏன்?"

அவள் அதைக் கவனித்திருப்பாள் என்று நான் நினைக்கவேயில்லை. பொய் சொல்ல அன்று என்னால் முடியவில்லை. "என் ஊரும் அதுதான் சரண்யா. நாங்க மேலத்தெரு. அண்ணனோட தாத்தா காலனி."

அவள் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். "அங்க ஆயிருந்தா எங்க வீட்ல சோறு தின்னிருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

கொச்சியில் நாம் எல்லோரும் தமிழர்கள் என்று நான் ஐந்து வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னைத் தமிழத்தி என்று கடைக்காரன் இளக்காரமாகச் சொன்னால் கொதிப்பேன். ஆனால் அந்த ஒற்றுமை எனக்கு என்ன தந்தது, அவர்களுக்கு என்ன தந்தது என்று கணக்குப் பார்த்ததில்லை. ஊரில் என்றால் சுடலைமுத்து அண்ணன் வீட்டு நடையில் என் கால் பட்டிருக்காது. என் வீட்டு நடையில் அவர் கால் பட்டிருக்காது. எல்லை தாண்டி வந்ததால் அவர் வீட்டுக்குள் போக எனக்கு வழி கிடைத்தது. போய், சாப்பிட்டு, அவர் காலை எடுத்து ஒரு வரிசையில் வைத்துவிட்டு வந்தேன். ஊரில் நம் ஆட்கள் பெரிய புத்தகம் எதுவும் இல்லாமல் காலங்காலமாக வைத்த அதே வரிசை.

மார்ட்டினுக்கு எழுதினேன். முதல் கடிதம் பணிவாக. பதில் அதைவிடப் பணிவாக வந்தது. படத்தில் முகம் இல்லை, பெயர் இல்லை, ஒப்புதல் வாங்கியிருக்கிறோம், பாதங்கள் நடுப்பகுதியின் வளைவை வைத்துத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன, உயர்வு தாழ்வை வைத்து அல்ல, உங்கள் பண்பாட்டு உணர்வுகளை மதிக்கிறேன் என்று எழுதியிருந்தார். என் பண்பாட்டு உணர்வு. நான் கேட்டது அறிவியல் கேள்வி. வெறுங்காலுக்குக் காரணம் மரபு என்று எழுதியிருக்கிறீர்கள், காரணம் ஓட்டை பூட்ஸ், அதை உங்கள் கையில் வாங்கிப் பார்த்தீர்கள் என்று இரண்டாவது கடிதத்தில் எழுதினேன். அதற்குப் பதில் என் துறைத்தலைவர் மூலமாக வந்தது. அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டுச் சாயா வரவழைத்தார். இதெல்லாம் எதற்கு, ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயம் என்று ஆரம்பித்து, கடைசியில் சிரித்தபடி, "டீச்சர் ஒந்நும் விசாரிக்கண்டா" என்றார். மலையாளத்தில் விசாரிப்பது என்றால் நினைப்பது. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆறுதல் சொல்கிறார். என் தமிழ்க் காதில் அது ஒன்றையும் விசாரிக்காதே என்று விழுந்தது. இத்தனை வருடத்தில் இந்த இரண்டு மொழிகளும் சேர்ந்து என்னை எத்தனையோ முறை ஏமாற்றியிருக்கின்றன. அந்த ஒரு முறை இரண்டும் ஒரே உண்மையைச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் சுடலைமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். சரண்யா அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மாரியக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் படத்தைக் காட்டி, எது எது யாருடைய கால், ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள், அதில் என் பங்கு என்ன என்று ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என் காலுதான். நல்லா எடுத்திருக்கான்" என்றார். பிறகு, "பூட்ஸ் காரியம் எழுதியிருக்கானா?"

"இல்லைண்ணே."

"ஒரு வரி?"

"இல்லை."

செல்போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "குரங்கு பக்கத்துல வச்சது சாரமில்ல, போட்டும். குரங்கும் ஒரு ஜீவன்தானே. நான் எதுக்கு எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன் டீச்சரே? வெள்ளைக்காரச் சாயிப்பு எழுதினா காண்ட்ராக்ட்காரனுக்குப் பேடி வரும், பயந்து நல்ல பூட்ஸ் தருவான்னுதான் கூட்டிட்டு வந்தேன். ராஜனுக்குக் கால்ல புண்ணு வந்து பழுத்து ரெண்டு விரலை எடுத்தாச்சு. அவனையும் அந்தப் பலகையில நடக்க வச்சேன். பின்னே என்னத்தைத்தான் எழுதினான் அவன்?"

ராஜன் அவருடைய தம்பி முறை. அந்தக் கிடங்கில் விந்தி விந்தி நடந்த மனிதரை நான் நினைத்துப் பார்த்தேன். நோயுள்ள பாதம் என்று மார்ட்டின் அவருடைய அளவுகளைத் தள்ளிவிட்டார். மாரியக்கா எழுந்து, வடிதட்டில் கிடந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தார். "எங்களுக்குப் படிப்பில்ல. உங்களுக்கு இருந்துச்சே" என்று பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த வீட்டிலிருந்து சாயா குடிக்காமல் நான் திரும்பி வந்தது அன்றுதான் முதல்முறை.

அதற்குப் பிறகு நான் பணிவாக எழுதவில்லை. கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு நேரடியாக எழுதினேன். களக்குறிப்புகளின் நகல், பூட்ஸின் புகைப்படம், ராஜன் உட்பட பதினொரு பேர் மலையாளத்தில் எழுதித் தந்த வாக்குமூலம், எல்லாவற்றையும் சேர்த்தேன். வாக்குமூலங்களை எழுதி வாங்கியது சரண்யா. அவள் என்னோடு பேசவில்லை, வேலையை மட்டும் செய்தாள். படத்தை எடுக்க வேண்டும், காரணத்தைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் என் பெயரை நீக்கி, ஏன் நீக்கினேன் என்பதையும் போட வேண்டும் என்று கேட்டேன். ஒன்பது மாதம் இழுத்தார்கள். நடுவில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காலியிடம் இல்லையாம். நான் எடுத்த பாடத்தை இப்போது வேறொருவர் எடுக்கிறார். நான் வைப்பின் தீவில் ஒரு சிறிய கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தவளையின் உள்ளுறுப்புகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். குரங்குகளைப் பார்த்தே ஒன்றரை வருடம் ஆகிறது. ஆய்வு வாழ்க்கை என்று ஒன்று எனக்கு இருந்தது, அது முடிந்துவிட்டது. அதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

திருத்தம் கடைசியில் வந்தது. அரைப் பக்கம். படம் மாற்றப்பட்டது. பங்கேற்றவர்கள் காலணியில்லாமல் வேலை செய்வதற்குக் காரணம் அவர்களுக்குத் தரப்பட்ட காலணிகளின் குறைபாடு என்று ஒரு வாக்கியம் சேர்க்கப்பட்டது. அந்த ஒரு வாக்கியத்தைச் சரண்யா மலையாளத்தில் எழுதி, அச்சடித்து, பள்ளுருத்தியில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தாள். அது என் அப்பன் கால் என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒப்பந்தக்காரர் புது பூட்ஸ் கொடுத்தார், அளவு பார்த்துக் கொடுத்தார். ராஜனுக்கு அந்த அளவிலும் பொருந்தவில்லை. பழைய படம் இன்னும் இணையத்தில் அலைகிறது. ஏதோ ஒரு வகுப்பில் இன்றைக்கும் யாரோ அதைத் திரையில் போட்டு, மூன்றாவது பாதத்தின்மேல் குச்சியை வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். திருத்தங்களை யாரும் திரையில் போடுவதில்லை.

இந்தச் சித்திரையில் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நான் கிளம்பியபோது சுடலைமுத்து அண்ணன் தானும் வருவதாகச் சொன்னார். தாத்தாவின் ஊரை அவர் பார்த்ததே இல்லை. மாரியக்காவும் சரண்யாவும் கூட. நான் அம்மாவுக்குப் போன் செய்தேன். "கூட வாரது யாரு?" என்று கேட்டாள். சொன்னேன். தாத்தா எந்தத் தெரு என்று கேட்டாள். அதையும் சொன்னேன். "அவுக அவுக சொந்தக்காரவுக வீட்டுக்குப் போவட்டும். நீ நேரா இங்க வா. நடைக்குள்ள கூட்டிட்டு வந்துராத, சித்தப்பால்லாம் வந்திருக்காவ." அம்மா கெட்டவள் இல்லை. பீடி சுற்றியே என்னைப் படிக்க வைத்தவள். அதனால்தான் அந்தக் குரல் எனக்கு இன்னும் அதிகமாக எரிகிறது.

தென்காசி வரை ரயில். அங்கிருந்து டவுன் பஸ். எங்கள் ஊருக்கு இரண்டு நிறுத்தம் உண்டு. முதலில் மேலத்தெரு, அடுத்தது காலனி விலக்கு. சிறுவயதில் அந்த இரண்டாவது நிறுத்தம் வரை நான் ஒருமுறைகூடப் போனதில்லை. பஸ் மேலத்தெருவில் நின்றபோது அம்மா வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். சன்னலில் என்னைக் கண்டதும் கையைத் தூக்கினாள். சரண்யா என்னைப் பார்க்கவில்லை, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர், "யக்கா, ஸ்டாப் வந்துட்டு, இறங்கலையா?" என்றார். அடுத்ததில் இறங்குகிறேன் என்றேன். பஸ் நகர்ந்தது. அம்மா தூக்கிய கையை இறக்காமல் பஸ்ஸோடு நாலு எட்டு நடந்து வந்து நின்றுவிட்டாள்.

காலனி விலக்கில் எங்களை எதிர்பார்த்து யாரும் இல்லை. அண்ணன் புது வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தாத்தாவின் பெயரைச் சொல்லி முதல் வீட்டில் விசாரித்தார். அவருடைய தமிழ் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. "மலையாளத்தாளுகளா?" என்று ஒருவர் கேட்டார். நாலைந்து பேர் கூடினார்கள். அதில் வயதான ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்து, "கண்டக்டர் மவதான நீங்க? இங்க எதுக்கும்மா இறங்குனீங்க?" என்றார். குரலில் அன்பில்லை, பயம் இருந்தது. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, சேலைத் தலைப்பால் துடைத்து, எனக்கு எதிரே போட்டார். அந்த ஒன்றுதான். சொந்த ரத்தம் என்று தேடி வந்த மனிதர் பையைச் சுமந்தபடி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நான் அண்ணனை உட்காரச் சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். அந்த அம்மா மறுபடியும், "நீங்க உக்காருங்கம்மா" என்றார். தெருவின் நடுவில் நாற்காலி கிடந்தது. என் பைக்குள் போன் அடித்தது, நின்றது, மறுபடியும் அடித்தது. அம்மாதான். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டேயிருந்தோம்.